அறைக்குள் யார் இருந்தார்கள்? – டேவிட் கேய்லியின் அறிவியல் உரையாடல்கள்

1

மூன்று மணி நேர பாட்காஸ்ட் ஒன்றை முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு, அதிலிருந்து என்ன கிடைத்தது என்று யோசித்தால் பல சமயம் ஒன்றுமே தேறுவதில்லை. பேசியவர் பெரிய இயற்பியலாளராக இருப்பார், அல்லது செயற்கை நுண்ணறிவு நிறுவனம் ஒன்றின் தலைவராக இருப்பார். பால்யம், காலையில் எழும் நேரம், பிடித்த புத்தகம், வேற்றுக்கிரக உயிர்கள், மரண பயம் என்று எல்லாமே பேச்சில் வந்துபோயிருக்கும். ஆனால் அவருடைய துறை ஒரு விஷயத்தை எப்படி அறிகிறது, அந்த அறிவு யாருடைய வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்ற இடத்துக்கு மட்டும் பேச்சு வந்தே இருக்காது.

நீளமான நேர்காணல் நமக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்த ‘சுபமங்களா’வின் நேர்காணல்களைத் தேடிப்பிடித்து வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எழுத்தாளரை உட்காரவைத்து அவர் உலகத்தைப் பேசவைப்பது எப்படி என்று தமிழ்ச் சிற்றிதழ் வாசகருக்குத் தெரியும். அறிவியல் என்று வந்தால்தான் சிக்கல். அங்கே நாம் ஒன்று கைகட்டிக் கேட்கிறோம், இல்லை சந்தேகப்பட்டு எழுந்து போய்விடுகிறோம். இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து கேட்பது எப்படி?

இந்தக் கேள்வியோடுதான் கனடாவின் சிபிசி வானொலியில் ‘ஐடியாஸ்’ நிகழ்ச்சிக்காக டேவிட் கேய்லி தயாரித்த ‘ஹவ் டு திங்க் அபௌட் சயின்ஸ்’ தொடரைத் திரும்பக் கேட்டேன். 2007இன் இறுதியில் தொடங்கி 2008வரை ஒலிபரப்பான 24 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பேசுபவர்கள் அறிவியல் வரலாற்றாசிரியர்கள், தத்துவவாதிகள், சமூகவியலாளர்கள், சில விஞ்ஞானிகள். லொரெய்ன் டாஸ்டன், இயான் ஹாக்கிங், ப்ரூனோ லத்தூர், உல்ரிச் பெக், ஈவ்லின் ஃபாக்ஸ் கெல்லர், ரிச்சர்ட் லெவன்டின், ஜேம்ஸ் லவ்லாக் என்று பட்டியல் நீளும். 2009இல் இந்த உரையாடல்கள் புத்தகமாகவும் வந்தன.

அறிவியலையும் சமூகத்தையும் பற்றிய நீண்ட உரையாடல்களில் நான் கேட்டவரையில் இதுதான் ஆகச் சிறந்தது. இதில் எனக்கு ஒரு பெரிய மனக்குறையும் உண்டு. அந்தக் குறையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததும் இதே தொடர்தான். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

2

தொடர் ஒரு பம்பிலிருந்து தொடங்குகிறது. ஸ்டீவன் ஷேப்பினும் சைமன் ஷாஃபரும் 1985இல் வெளியிட்ட ‘லெவியதன் அண்ட் த ஏர்-பம்ப்’ என்ற புத்தகம்தான் முதல் நிகழ்ச்சியின் மையம். கதை சுருக்கமாக இதுதான்: 1660களின் இங்கிலாந்து. உள்நாட்டுப் போர் முடிந்து, அரசர் திரும்பி வந்திருக்கிறார். ராபர்ட் பாயில் ஒரு கண்ணாடிக் கோளத்திலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் கருவியை வைத்துப் பரிசோதனைகள் செய்கிறார். 1660இல் வெளியான அவருடைய புத்தகத்தில் 43 பரிசோதனைகள். அவர் சொல்வது: காரணத்தைப் பற்றி நாம் ஆயிரம் சண்டை போடலாம், ஆனால் கண்ணெதிரே நடந்ததை எல்லோரும் ஒப்புக்கொள்வோம்; அங்கிருந்து தொடங்குவோம்.

தாமஸ் ஹாப்ஸ் இதை ஏற்கவில்லை. உங்கள் பம்பு ஒழுகுகிறது என்றார். அதைவிட முக்கியமான எதிர்ப்பு ஒன்றும் அவரிடம் இருந்தது. எல்லோரும் பார்த்தார்கள் என்கிறீர்களே, அந்த ‘எல்லோரும்’ யார்? உங்கள் கூட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் வந்துவிட முடியுமா? ஹாப்ஸை ராயல் சொசைட்டி கடைசிவரை உறுப்பினராகச் சேர்க்கவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வியின் காரம் புரியும்.

பாயிலுக்கு இன்னொரு பிரச்சினையும் இருந்தது. பம்பு விலை அதிகம். ஐரோப்பா முழுவதும் சேர்த்தே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. அப்படியென்றால் லண்டனுக்கு வர முடியாதவர் எப்படிச் சாட்சியாவார்? பாயில் கண்ட வழி, எழுத்து. வளவளவென்று எழுதினார். எந்த நாள், கருவி எப்படி இருந்தது, எங்கே சொதப்பியது, எந்தப் பரிசோதனை தோற்றது என்று ஒன்றுவிடாமல் எழுதினார். வாசிப்பவருக்கு, தானே அந்த அறையில் நின்று பார்த்ததுபோலத் தோன்ற வேண்டும். ஷேப்பின் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘மெய்நிகர் சாட்சியம்’ என்று சொல்லலாம்.

இதைக் கேட்டபோதுதான் நீண்ட நேர்காணல் என்ற வடிவமே எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பாயிலுக்கு வளவளப்பு எதற்குத் தேவைப்பட்டதோ அதற்குத்தான் நல்ல நேர்காணலுக்கும் நீளம் தேவைப்படுகிறது. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் முடிவு இருக்கும். முப்பது நொடி ரீலில் அந்த முடிவின் கோஷம் இருக்கும். ஒரு மணி நேரப் பேச்சில்தான் அந்த முடிவுக்கு வந்த ஆள் எங்கே தடுமாறினார், எதை முதலில் நம்பியிருந்தார், எது அவரை மாற்றியது என்பது வெளியே வரும். கேட்பவர் அந்த யோசனைக்குச் சாட்சியாகிறார். கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டிய கட்டாயம் இல்லை, நிராகரிக்கவேண்டிய அவசரமும் இல்லை.

சரி, வடிவம் இதைச் செய்யும் என்றால் ஹாப்ஸின் கேள்வியையும் அதே வடிவத்திடம் கேட்டாக வேண்டும், இல்லையா? அறைக்குள் யார் இருக்கிறார்கள்? அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலில், தொடரின் மிகச் சிறந்த ஒரு மணி நேரம்.

3

பிரையன் வின் பிரிட்டிஷ் சமூகவியலாளர். இங்கிலாந்தின் வடமேற்கில் கம்ப்ரியா மலைப்பகுதியில் ஆடு வளர்ப்பவர்களிடம் செய்த ஆய்வுக்காக அறியப்பட்டவர். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. அடுத்த வாரமே அந்தக் கதிரியக்க மேகம் பிரிட்டன்மேல் வந்து, மலைப்பகுதிகளில் கனமழையோடு இறங்கியது. ஆபத்து ஒன்றுமில்லை என்றுதான் அரசாங்கம் முதலில் சொன்னது. ஜூன் மாதம் திடீரென்று ஆடுகளை இடம்மாற்றவும் வெட்டவும் தடை வந்தது. மூன்று வாரம்தான், சீசியம் அளவு அதற்குள் இறங்கிவிடும் என்றார்கள்.

இறங்கவில்லை. தடை நீண்டுகொண்டே போனது. பிரிட்டன் முழுவதும் ஏறத்தாழ 10,000 பண்ணைகள் அதற்குள் வந்தன. கடைசிப் பண்ணைகளுக்கு விடுதலை கிடைத்தது 2012இல். மூன்று வாரம் என்றது 26 வருஷம் ஆனது.

எங்கே தப்பு? களிமண்ணில் விழுந்த சீசியத்தை மண்துகள்கள் இறுகப் பிடித்துக்கொள்ளும்; செடி அதை மறுபடி உறிஞ்சாது. விஞ்ஞானிகள் கையில் இருந்த கணிப்பு அந்த மாதிரி மண்ணுக்கானது. கம்ப்ரியாவின் மலை மண்ணோ அமிலத்தன்மை உள்ள, மக்கிய தாவரங்கள் நிறைந்த கரிமண். அங்கே சீசியம் பிடிபடாமல் வேருக்குள் போய், புல்லுக்கு வந்து, ஆட்டுக்குள் போய், சாணத்தோடு மண்ணுக்குத் திரும்பி, மறுபடி வேருக்குப் போகும்.

இதோடு நின்றிருந்தால் ‘விஞ்ஞானிகளும் தப்பு செய்வார்கள்’ என்ற சாதாரணக் கதைதான். வின் பேசப்பேச அது வேறாக மாறுகிறது. சீசியத்தைக் கட்டிப்போட ‘பென்டனைட்’ என்ற கனிமத்தைத் தூவிப் பார்க்க விஞ்ஞானிகள் நிலத்தை வேலிபோட்டுப் பிரித்து, அதற்குள் ஆடுகளை விட்டார்கள். திறந்த மலையில் மேய்ந்து பழகிய ஆட்டை வேலிக்குள் அடைத்தால் அது நலிந்துபோகும், உங்கள் அளவீட்டுக்கு அர்த்தமே இருக்காது என்று ஆட்டுக்காரர்கள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு அந்தப் பரிசோதனை சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. ஆடுகளைப் பள்ளத்தாக்குக்கு இறக்கிவிடச் சொன்னார்கள். பள்ளத்தாக்குப் புல்லை இப்போதே தின்னவிட்டால் குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்ற கணக்கு அவர்களுக்குத் தெரியவில்லை. வைக்கோல் போடலாமே என்று சொன்ன நிபுணரும் உண்டு. மலை ஆடு வைக்கோலைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

அதே மலைகளுக்குப் பக்கத்தில்தான் செல்லாஃபீல்டு அணு வளாகமும் இருக்கிறது. 1957இல், அது விண்ட்ஸ்கேல் என்ற பெயரில் இருந்தபோது, அங்கே ஒரு உலை தீப்பிடித்தது. அந்த விபத்தின் முழுத் தகவல்கள் வெளியே வரப் பல வருஷம் ஆயிற்று. அதனால், இந்தச் சீசியம் எல்லாம் செர்னோபிலிலிருந்து மட்டும்தான் வந்ததா என்ற சந்தேகம் ஆட்டுக்காரர்களுக்கு இருந்தது. மேலிருந்து பார்ப்பவருக்கு அது படிக்காதவர்களின் வதந்தி. வின் கேட்பது வேறு: ஒருமுறை மறைத்தவர்களை அடுத்தமுறை நம்பாமலிருப்பது அறியாமையா, அனுபவமா?

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பொதுமக்களுக்கு அறிவியல் புரியவில்லை, இன்னும் எளிமையாக விளக்கினால் சரியாகிவிடும் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம்! கம்ப்ரியாவில் விளக்கத்துக்குக் குறைச்சல் இல்லை. கேட்கிற காதுதான் இல்லை. விஞ்ஞானிகளுக்கு மண் தெரியாததைவிட, தெரியாதது என்று ஒன்று இருக்கக்கூடும் என்ற சுதாரிப்பு இல்லாததுதான் அந்த மக்களின் நம்பிக்கையைக் கெடுத்தது. இந்தப் பாடத்தை யாரும் இரண்டு வரியில் சொல்லிவிடலாம். அது உள்ளே இறங்குவதற்கு வேலி, வைக்கோல், புல், மழை எல்லாம் தேவைப்படுகின்றன. அந்த நேரத்தை கேய்லி கொடுக்கிறார்.

டீன் பாவிங்டனுடனான உரையாடலும் இதே நரம்பைத்தான் தொடுகிறது. நியூஃபவுண்ட்லாந்து கடலில் ஐந்நூறு வருஷமாகப் பிடிபட்டுவந்த காட் மீன் வற்றிப்போய், 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. சுமார் 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. எண்பதுகளிலேயே கரையோர மீனவர்கள் மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரசின் கணக்கோ பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்பையும் நம்பியிருந்தது. எஞ்சிய மீன் கூட்டங்களைக் கருவியோடு துரத்திப் போய்ப் பிடிக்கிற கப்பலுக்குக் கடைசிக் கூட்டம்வரை வலை நிறையத்தானே செய்யும்? கரையில் பொறிவலை கட்டிவிட்டு மீன் வரக் காத்திருப்பவனுக்குத்தான் வராதது தெரியும். இரண்டு வருஷத்துக்கு என்று சொன்ன அந்தத் தடை அதிகாரபூர்வமாக நீங்கியது 2024இல்.

மூன்று வாரம் 26 வருஷமானதும், இரண்டு வருஷம் 32 வருஷமானதும் எனக்கு ஒரே கதையாகத்தான் கேட்டன.

4

இந்த இடத்துக்குப் பேச்சைக் கொண்டுவர கேய்லி என்ன செய்கிறார்? பார்த்தால் ஒன்றுமே செய்யாததுபோல இருக்கும். அவருடைய கேள்விகள் பெரும்பாலும் நம் காதில் விழுவதில்லை. பேசுபவர் நீளமாகப் பேசுகிறார்; நடுவே கேய்லியின் குரல் வந்து பின்னணியைச் சொல்லி, அடுத்த இடத்துக்கு அழைத்துப்போகிறது. விருந்தாளியின் புத்தகத்தை வரிவரியாகப் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது பதில்களின் தரத்தில் தெரியும். தன் புத்தகத்தை உண்மையிலேயே படித்த ஒருவர் எதிரே இருந்தால் ஆய்வாளரின் பேச்சே மாறிவிடுகிறது. மனப்பாடமாக ஒப்பிப்பதை விட்டுவிட்டு யோசித்துப் பேச ஆரம்பிக்கிறார்.

இந்தப் பொறுமையை கேய்லி எங்கே பழகினார் என்று கேட்டால் இவான் இல்லிச்சின் பெயரைச் சொல்ல வேண்டும். பேட்டிகளைத் தவிர்த்துவந்த இல்லிச்சை 1988இல் பேசவைத்து, அதை வானொலித் தொடராகவும் 1992இல் புத்தகமாகவும் கொண்டுவந்தவர் இவர். பள்ளி, மருத்துவம், போக்குவரத்து என்று எந்த அமைப்பும் ஓர் அளவைத் தாண்டினால் தன் நோக்கத்துக்கே எதிரியாகிவிடும் என்று இல்லிச் வாதிட்டார். பிறகு அவர்கள் நண்பர்களானார்கள். 2021இல் கேய்லி அவரைப் பற்றி விரிவான நூல் ஒன்றும் எழுதினார்.

என் முதல் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. இந்த அறிவியல் தொடரின் விருந்தாளிகளில் பார்பரா டூடன், சில்யா சாமர்ஸ்கி, சாஜய் சாமுவேல் ஆகிய மூவரும் இல்லிச்சின் நெருங்கிய வட்டத்தைச் சேர்ந்தவர்கள். டூடனும் சாமர்ஸ்கியும் பேசும் நிகழ்ச்சி மிக முக்கியமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மரபணு ஆலோசனைக்குப் போகும் கர்ப்பிணியிடம் ஒரு சதவீதத்தைச் சொல்லி, இனி முடிவு உங்கள் கையில் என்கிறார்கள். அந்த எண் ஒரு பெரிய கூட்டத்தைப் பற்றியது. அவள் வயிற்றிலிருக்கும் இந்தக் குழந்தையைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. ஆனாலும் அவள் அன்றிலிருந்து அந்த எண்ணைச் சுமக்கிறாள். இது கூர்மையான விமர்சனம். ஆனால் அந்த எண் கிடைத்ததால் நிம்மதியடைந்த பெண்ணும் எங்கோ இருப்பாள் அல்லவா? நண்பர்கள் பேசிக்கொள்ளும் அறையில் அவளை நினைத்துப் பார்க்க வெளியிலிருந்து ஒரு ஆள் வர வேண்டும்.

இரண்டாவது சங்கடம் இன்னும் பெரியது. ரூபர்ட் ஷெல்ட்ரேக்குக்கும் ஒரு முழு நிகழ்ச்சி. இயற்கைக்கு ஞாபகம் உண்டு, ஓர் உயிரினத்தின் பழக்கம் அதே இனத்தின் பிற உயிர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லாமலே கடத்தப்படும் என்று சொல்பவர் அவர். அவரைப் பேசவைத்ததில் தவறில்லை. 1981இல் அவருடைய முதல் நூல் வந்தபோது ‘நேச்சர்’ இதழின் தலையங்கம் அதை எரிக்கத்தக்க நூலா என்று தலைப்பிலேயே கேட்டது. அப்படி ஒரு வரவேற்பைப் பெற்றவர் தன் தரப்பைச் சொல்லட்டும். ஆனால் நரம்பியலாளர் ஸ்டீவன் ரோஸ் அவருடன் சேர்ந்து கோழிக்குஞ்சுகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். ஒரே தரவைப் பார்த்து இருவரும் நேரெதிரான முடிவுக்கு வந்தார்கள். பாயிலும் ஹாப்ஸும் போட்ட அதே சண்டை, நம் காலத்தில்! எது சான்று, யார் அதைத் தீர்மானிப்பது என்ற தொடரின் மையக் கேள்வி உயிரோடு எழுந்து நிற்கும் இடம் இது. ரோஸ் விருந்தாளிகள் பட்டியலில் இல்லை. ஷெல்ட்ரேக்குக்கும் டாஸ்டனுக்கும் அதே ஒரு மணி நேரம், அதே மரியாதை.

எல்லோரிடமும் ஒரே மாதிரி மரியாதை காட்டினால் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்கலாம். கெடும். தொடரின் விருந்தாளிகளில் ஒருவரான லத்தூரே 2004இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தப் பயத்தைப் பேசியிருக்கிறார். அறிவியல் உண்மைகள் எப்படி உருவாக்கப்படுகின்றன என்று காட்டுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். பருவநிலை மாற்றத்தை மறுப்பவர்கள், ‘அறிவியல் இன்னும் உறுதிப்படவில்லை’ என்ற அதே மொழியை எடுத்து வீசுவதைப் பார்த்து, நாம் தவறு செய்துவிட்டோமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். கம்ப்ரியா ஆட்டுக்காரரின் சந்தேகமும் எண்ணெய் நிறுவனத்துக்காகப் பேசுபவரின் சந்தேகமும் கேட்க ஒரே மாதிரிதான் இருக்கும். முன்னவர் தன் மண்ணைக் காட்டி, வந்து பார் என்று கூப்பிடுகிறார். பின்னவர் யாரும் எதையும் பார்த்து முடிக்கக்கூடாது என்று நினைக்கிறார். இந்த வித்தியாசத்தைப் பிடிப்பது நேர்காணல் எடுப்பவரின் வேலை. கடினமான கேள்வி கேட்காமல் அதைப் பிடிக்க முடியாது.

2020இல் பெருந்தொற்று வந்தபோது இந்தச் சிக்கல் கேய்லியின் வாசலுக்கே வந்தது. அந்த ஏப்ரலில், இல்லிச்சின் பார்வையிலிருந்து பொதுமுடக்கத்தைக் கேள்வி கேட்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் யோசிக்கவைக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது, இந்தக் கட்டுரைக்கு எதிரே ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருக்க வேண்டும் என்பதுதான்.

5

இப்போது ஹாப்ஸின் கேள்விக்கு வருகிறேன்.

24 நிகழ்ச்சிகளின் விருந்தாளிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏறத்தாழ அத்தனை பேரும் ஆய்வாளர்கள், பேராசிரியர்கள், எழுத்தாளர்கள். கென்டக்கியில் நிலம் உழுத வெண்டல் பெரி ஒருவர்தான் விவசாயி. அவரும் பல புத்தகங்கள் எழுதிய பெரிய எழுத்தாளர் என்பதால் வந்தவர். கம்ப்ரியாவின் ஆட்டுக்காரர் சார்பில் வின் பேசுகிறார். நியூஃபவுண்ட்லாந்து மீனவர் சார்பில் பாவிங்டன் பேசுகிறார். கர்ப்பிணியின் சார்பில் சாமர்ஸ்கி பேசுகிறார். எல்லோரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனாலும், நிபுணர்கள் சாதாரண மக்கள் சொல்வதைக் கேட்பதில்லை என்பதை 24 மணி நேரம் நிபுணர்களின் வாயாலேயே கேட்கிறோம்.

ஷேப்பினே 1989இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாயிலின் பரிசோதனைக்கூடத்தில் பம்பை மூச்சுவாங்க இயக்கியவர்கள், கருவியைச் சரிபார்த்தவர்கள், அளவுகளைக் குறித்தவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வைத்த உதவியாளர்கள். அந்த அறையில் எல்லோரையும்விட நெருக்கமாக நின்று பார்த்தவர்கள் அவர்கள்தான். ஆனால் சாட்சியாக எண்ணப்பட்டவர்கள் கனவான்கள். உதவியாளர்களில் பலருக்கு எழுத்தில் பெயரே கிடையாது. தன் விருந்தாளி எழுதிய இந்தக் கட்டுரையை கேய்லி தன் ஒலிபரப்பறைக்கும் பொருத்திப் பார்த்திருக்கலாம்.

இதற்கு ஒரு பதில் உண்டு. அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். தொடரின் தலைப்பே அறிவியலைப் பற்றி எப்படி யோசிப்பது என்பதுதான். யோசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைக் கூப்பிட்டதில் என்ன பிழை? வின் இல்லாவிட்டால் அந்த ஆட்டுக்காரரைப் பற்றி நான் கேள்விப்பட்டே இருக்க மாட்டேன். உண்மைதான். ஆனால் வின்னிடம் அவர்கள் பேசியதும் யோசனைதானே? இந்த ஆடு வேலிக்குள் நலியும், அதனால் உங்கள் அளவீடு தப்பாகும் என்பது ஒரு பரிசோதனையின் வடிவமைப்பைப் பற்றிய தெளிவான விமர்சனம். அதை ஒரு சக ஆய்வாளர் எழுதியிருந்தால் இதழில் வெளியிட்டிருப்பார்கள். அவரை யோசிப்பவராகக் கூப்பிடாமல், யோசிப்பவர்களுக்கு உதாரணமாக மட்டும் வைத்துக்கொள்வது அந்த வேலிபோட்ட விஞ்ஞானிகள் செய்ததன் நாகரிகமான வடிவம்.

இதனால் இந்தத் தொடர் சின்னதாகிவிடவில்லை. தன்னைச் சோதிக்க வேண்டிய அளவுகோலை முதல் நிகழ்ச்சியிலேயே கேட்பவர் கையில் கொடுத்துவிடுகிற படைப்பு எத்தனை இருக்கிறது? அடுத்து மூன்று மணி நேர பாட்காஸ்ட் ஒன்றைத் திறக்கும்போது, பேசுபவர் எவ்வளவு பெரிய ஆள் என்று பார்க்காமல், இவர் பேசுகிற விஷயத்தில் கை வைத்து வேலை செய்தவர் யார், அவர் இந்த அறைக்குள் இருக்கிறாரா என்று பார்க்க எனக்குப் பழகிவிட்டது. செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சுகளில் இந்தப் பழக்கம் ரொம்பவே உதவுகிறது. அந்த இயந்திரங்களுக்காகப் படங்களுக்கும் வாக்கியங்களுக்கும் நாள் முழுக்கக் குறியிட்டுக் கொடுப்பவர்கள் எந்த நேர்காணலிலும் எனக்கு இன்னும் தட்டுப்படவில்லை.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் 24ஐயும் வரிசையாகக் கேட்க வேண்டியதில்லை. பம்பு நிகழ்ச்சியில் தொடங்குங்கள். அடுத்து நேராக பிரையன் வின், அதற்கப்புறம் பாவிங்டன். பிறகு ஷெல்ட்ரேக்கைக் கேளுங்கள், கையில் ஒரு பேனாவோடு. கேய்லி கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நீங்கள் எழுதிப் பாருங்கள். என் தாளில் பதினொன்று சேர்ந்திருக்கின்றன.